எல்லை ஊர் அரங்கில் எழுத்தாளர், இயக்குநர் உரையாடல் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பொறாட்டு நாடகம் பார்த்திருக்கிறீர்களா? பாலக்காட்டுப் பக்கத்து ஊர்ப்புறக் கலை. குறவனும் குறத்தியும் இன்னும் பல வேஷங்களும் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பாடி ஆடிக்கொண்டு வருவார்கள். வருகிறவர்களை மடக்கி 'நீ யாரு, எந்த ஊரு, இங்க எதுக்கு வந்த' என்று விசாரிக்க ஒருவர் நிற்பார். அவரைச் சோத்தியக்காரன் என்பார்கள், அதாவது கேள்விக்காரன். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அவர் கேட்கிற விதத்தில்தான் வேஷக்காரர் வாய் திறப்பார்.

பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக நண்பர்களோடு சேர்ந்து எழுத்தாளர்களையும் நாடக, சினிமா இயக்குநர்களையும் அழைத்துப் பொது உரையாடல் நடத்தி வருகிறேன். இந்த வேலையில் விருந்தினருக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது கேள்விக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. பெரிய பெயர் வந்தும் சப்பென்று போன மாலைகள் உண்டு. முதல் புத்தகம் போட்ட இளைஞர் வந்து, கூட்டம் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்த மாலைகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருந்தது கேட்டவர்தான்.

உங்கள் ஊரில் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், கீழே சொல்கிற வரிசையில் போங்கள்.

1. ஆளை அல்ல, படைப்பைத் தேர்ந்தெடுங்கள்

'யாரைக் கூப்பிடலாம்' என்று தொடங்கினால் பேச்சு புகழைச் சுற்றியே போகும். 'எதைப் பற்றிப் பேசலாம்' என்று தொடங்குங்கள். ஒரு நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு நாடகம், ஒரு படம். ஒன்றே ஒன்று போதும். 'இவருடைய படைப்புலகம்' என்று தலைப்பு வைத்தால் யாரும் எதையும் படித்துவிட்டு வரமாட்டார்கள். ஒரே நாவல் என்றால் 20 பேராவது படித்துவிட்டு வருவார்கள். அந்த 20 பேர்தான் நிகழ்ச்சியின் முதுகெலும்பு.

நூலாக இருந்தால் ஆறு வாரம் முன்பே 10 பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். ஒருவர் படித்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். உள் அட்டையில் பெயர் எழுதி வாங்கினால் புத்தகமும் திரும்பி வரும், யார் யார் படித்தார்கள் என்பதும் தெரியும்.

2. கேள்விக்காரரைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

நல்ல பேச்சாளர் நல்ல கேள்விக்காரராக இருக்கமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேசிப் பழகியவருக்கு மேடை கிடைத்தால் தானே பேசுவார். எங்களுக்குக் கிடைத்தவர் தமிழ்வழிப் பள்ளியில் வேலை பார்த்த ஓர் ஆசிரியர். எல்லாரும் அவரை 'மாஷ்' என்றுதான் கூப்பிடுவோம். மேடை ஏறத் தயங்கினார். 'மாஷே, நீங்க பேச வேண்டாம், கேட்டாப் போதும்' என்று சொல்லித்தான் ஏற்றினோம். அன்று பேசிய நாவலை அவர் மூன்று தடவை படித்திருந்தார். ஓரத்தில் பென்சில் குறிப்பு இல்லாத பக்கம் குறைவு.

கேள்வி எழுதுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். எந்த எழுத்தாளரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிற கேள்வியை அடித்துவிடுங்கள். 'உங்களை எழுதத் தூண்டியது எது', 'உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்' எல்லாம் அந்த வகை. அவற்றுக்கு விருந்தினரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும், நூறு மேடையில் சொன்ன பதில். அதற்குப் பதிலாக ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக் கேளுங்கள். 'அம்மா கதவைத் திறக்கிற இடம் மூன்றே வரியில் முடிகிறது. முதலில் எழுதியபோதும் மூன்று வரிதானா?' இயக்குநராக இருந்தால், 'அந்தக் காட்சியில் அவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார். ஒத்திகையில் எந்த நாளில் அப்படித் திரும்பினார்?' இப்படிக் கேட்டால் விருந்தினர் ஒரு கணம் நிற்பார். பிறகு மேடைக்காகச் சொல்லிப் பழகாத ஒன்றைச் சொல்வார்.

எழுத்தாளரிடம் சொல்லைப் பற்றியும் விட்டுவிட்டதைப் பற்றியும் கேளுங்கள். இயக்குநரிடம் முடிவுகளைப் பற்றிக் கேளுங்கள், அவருடைய வேலை பலரோடு சேர்ந்து செய்வது. நடிகர் மறுத்தது, மழை வந்து இடம் மாறியது, பணம் தீர்ந்து ஒரு காட்சி போனது. நாடக இயக்குநர் என்றால் ஒவ்வோர் இரவும் நாடகம் எப்படி மாறியது என்று கேட்கலாம். சினிமாவில் வெட்டி ஒட்டி முடித்தபின் அப்படி மாற இடமில்லை, ஆகவே எடிட்டிங் மேசையில் நடந்ததைக் கேளுங்கள்.

15 கேள்வி எழுதச் சொல்லுங்கள். அவற்றில் ஆறு ஏழுதான் மேடைக்கு வரும். மீதியை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். விருந்தினருக்குக் கேள்விகளை முன்கூட்டி அனுப்ப வேண்டாம், எந்தெந்தப் பகுதியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று மட்டும் சொன்னால் போதும். கேள்வியை அனுப்பினால் பதிலை எழுதி எடுத்துவந்து வாசித்துவிடுவார்கள்.

இன்னொன்று, மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேள்விக்காரரைப் பழக்குங்கள். விருந்தினர் பேசி நிறுத்தியதும் மனசுக்குள் ஐந்து எண்ணச் சொல்லுங்கள். பாதி நேரம் அவரே மீண்டும் தொடங்குவார், அப்போது வருவதுதான் உண்மையான பதிலாக இருக்கும். அப்படியும் வராவிட்டால் 'அப்புறம்?' என்று கேட்டால் போதும்.

3. இடமும் நாளும்

கேரளப் பக்கம் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் கூடித் தொடங்கிய சங்கத்தை பி. என். பணிக்கர் ஊர் ஊராக நடந்து வளர்த்தார். அவர் மறைந்த ஜூன் 19-ஐத்தான் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த இயக்கத்தின் பலனாக இங்கே சின்ன ஊரிலும் ஒரு வாயனசாலை, அதாவது ஊர் நூலகம், இருக்கும், பலவற்றில் மாடியிலோ பின்பக்கத்திலோ ஒரு கூடமும் இருக்கும். 80 நாற்காலி போடுகிற கூடம்தான் உரையாடலுக்குத் தோதானது. கல்யாண மண்டபம் வேண்டாம். 60 பேர் வந்தால் வாயனசாலையில் நிறைந்த அரங்கு, மண்டபத்தில் காலி அரங்கு. நாடகமோ படமோ காட்டிவிட்டுப் பேசுவதாக இருந்தால் மட்டும் மேடையும் விளக்கும் உள்ள அரங்கைத் தேடுங்கள்.

சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. கல்லூரி ஆசிரியர்களிடம் முன்பே பேசினால் படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள், சில சமயம் இடமும் கிடைக்கும்.

நாள் குறிக்கும்போது ஊர்க் காலண்டரைப் பாருங்கள். கும்ப மாதம் (நம் மாசி) சித்தூர் பகவதி கோவிலில் கொங்கன்படைத் திருவிழா நடக்கிற நாளில் அரங்குக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கல்பாத்தித் தேர், நெம்மாறை வல்லங்கி வேலத் திருவிழா நாள்களும் அப்படித்தான். ஜூன், ஜூலையில் தகரக் கூரை போட்ட கூடத்தைத் தொடவே தொடாதீர்கள். இடவப்பாதி மழை கூரையில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. திறந்தவெளி என்றால் பேனரில் நாலு இடத்தில் ஓட்டை போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் பாய்மரம் மாதிரி கம்பத்தையே சாய்த்துவிடும்.

நிகழ்ச்சி முடிகிற நேரத்தைத் தீர்மானிப்பது கடைசி பஸ். பொள்ளாச்சிப் பக்கமும் பாலக்காட்டுப் பக்கமும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதற்கு அரை மணி நேரம் முன்னால் முடிவதாகத் திட்டமிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பெண்கள் பாதியில் எழுந்து போவார்கள். அவர்கள் போனபின் நடக்கிற கேள்வி நேரம் பாதி ஊரின் கேள்வி நேரம்தான்.

4. அழைப்பு, பணம்

அழைப்பில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: எந்தப் படைப்பு, எவ்வளவு நேரம், யார் கேட்கிறார், எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு பணம் தருகிறீர்கள். கடைசியதைப் பேசக் கூச்சப்படாதீர்கள். பொன்னாடைக்கும் ஷீல்டுக்கும் செலவழிக்கிற பணத்தை உறையில் வைத்துக் கொடுங்கள். எழுத்தாளர் ஒரு நாளை நமக்குத் தருகிறார், அது அவருடைய வேலை நாள். தொகை சின்னதாக இருந்தாலும் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் மரியாதை. பயணம், தங்குமிடம், சாப்பாடு தனி.

பணம் எங்கிருந்து வரும்? ஒரே பெரிய புரவலரை நான் நம்புவதில்லை. அவர் அடுத்த தடவை மேடையில் நாற்காலி கேட்பார். 1984-இல் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் கோழிக்கோட்டில் தொடங்கிய ஒடேஸா கூட்டமைப்பு ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு சேர்த்தே ஒரு முழுப்படம் எடுத்தது. படமே எடுக்க முடிந்தது என்றால் ஒரு மாலை நேரத்துக்கு முடியாதா? 50 பேரிடம் நூறு நூறு ரூபாயாக வாங்குங்கள். கொடுத்தவர் நிச்சயம் வருவார், கூடவே ஒருவரைக் கூட்டிவருவார்.

விருந்தினரைக் காலையிலேயே வரச் சொல்ல முடிந்தால் நல்லது. சோகநாசினி ஆற்றங்கரையில் மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்த குருமடத்துக்கு அழைத்துப் போங்கள். நேரம் இருந்தால் தஸ்ராக்கில் மலையாள நாவலாசிரியர் ஓ. வி. விஜயன் நினைவகத்துக்கும். கூடவே கேள்விக்காரரும் போகட்டும். இருவரும் வண்டியில் பேசிப் பழகிவிட்டால் மேடையில் முதல் பத்து நிமிடத் தயக்கம் இருக்காது. அன்றைய நாவலைப் பற்றி மட்டும் வண்டியில் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அங்கே நன்றாகச் சொன்னதை மேடையில் மறுபடி சொல்லும்போது சூடு ஆறியிருக்கும்.

5. உரிமையும் அனுமதியும்

இயக்குநர் வருகிறார், ஆகவே படத்தைப் போட்டுக் காட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை முதலில் தயாரிப்பாளருக்குத்தான், அவர் வேறு யாருக்காவது விற்றிருக்கவும் கூடும். படம் வெளிவந்து 60 ஆண்டு ஆகும்வரை அந்த உரிமை உண்டு. இயக்குநரிடமே கேட்டு, உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஒரு மின்னஞ்சலிலாவது சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவில் காட்டுவதால் தணிக்கைச் சான்றிதழ் உள்ள பிரதியாகவும் இருக்க வேண்டும்.

நாடகத்துக்குக் கொஞ்சம் இளக்கம் உண்டு. டிக்கெட் இல்லாமல், அமெச்சூர் குழு நடத்தினால் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அப்படியிருந்தும் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை. மொழிபெயர்த்த நாடகம் என்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவரிடமும். நோட்டீஸிலும் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும்.

ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்குக்குள் மட்டும் விலக்கு. காவல் நிலையத்தில் ஒரு வாரம் முன்னால் மனு கொடுத்துவிடுங்கள்.

6. இரண்டு மொழி

நம் ஊரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டும் தெரியும். வருகிறவருக்குத்தான் தெரியாது. சென்னையிலிருந்து வந்த ஒருவரை வைத்து நடத்தியபோது, எங்கள் நண்பர் மலையாளத்தில் 'எல்லாவர்க்கும் அவசரம் கொடுக்கணும்' என்று அறிவித்தார். எல்லாருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று பொருள். விருந்தினர், நேரமாகிவிட்டது என்று தன்னை அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, சொல்ல வந்ததை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்கு இன்றும் அது வருத்தம். அதே மாதிரி மலையாளத்தில் 'சம்சாரம்' என்றால் பேச்சு, 'பிரசங்கம்' என்றால் சொற்பொழிவு. தமிழர் காதில் ஒன்று மனைவி, இன்னொன்று சர்ச்சில் நடப்பது. நோட்டீஸைத் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்றைப் பார்த்து மற்றதை மாற்றாதீர்கள்.

மேடையில் வரிக்கு வரி மொழிபெயர்ப்பு வேண்டாம். நேரம் இரண்டு மடங்கு ஆகும், பேசுகிறவரின் ஓட்டமும் அறுந்துபோகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேள்விக்காரரே நாலு வரியில் மற்ற மொழியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகட்டும். கோழிக்கோட்டிலிருந்து வரும் இயக்குநர் மலையாளத்திலேயே நிதானமாகப் பேசினால் நம்மவர்கள் புரிந்துகொள்வார்கள். நிதானமாகப் பேசச் சொல்வதுதான் நம் வேலை. கேட்பவர் எந்த மொழியிலும் கேட்கலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். தமிழ் பேசத் தெரிந்து எழுதத் தெரியாதவர்கள் நம் ஊரில் நிறைய. சீட்டில் எழுதித் தாருங்கள் என்றால் அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

7. மேடையும் மைக்கும்

இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, தண்ணீர், புத்தகம். நாற்காலிகளைக் கொஞ்சம் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி திருப்பிப் போடுங்கள். இருவரும் கூட்டத்தை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் அது பட்டிமன்றம் மாதிரி ஆகிவிடும்.

மைக் நான்கு வேண்டும். மேடைக்கு இரண்டு, கூட்டத்துக்குக் கார்ட்லெஸ் இரண்டு. ஸ்பீக்கர் பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து. பின்னால் வைத்தால் கீச்சென்று கத்தும். மைக் தலையில் ஸ்பாஞ்ச் உறை போடச் சொல்லுங்கள், கணவாய்க் காற்று உள்ளே புகுந்தால் உஸ்ஸென்ற சத்தம் பதிவு முழுக்க இருக்கும். பேட்டரி புதிது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கூடம் சின்னதாக இருந்தால் மைக் இல்லாமலே தொடரலாம், நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

8. அன்று மாலை

எங்கள் முதல் நிகழ்ச்சியில் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை என்று ஏழு பேர் பேசினார்கள். நூலாசிரியருக்குக் கிடைத்தது கால் மணி நேரம். 200 கிலோமீட்டர் வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு நாங்கள் வைத்த முறை இது.

வரவேற்பு 3 நிமிடம். கேள்விக்காரர் படைப்பிலிருந்து ஒரு பக்கத்தை வாசிக்கிறார், அல்லது நாடகமானால் நடிகர் ஒரு சிறு காட்சி நடிக்கிறார், 7 நிமிடம். மேடை உரையாடல் 40 நிமிடம். கூட்டத்தின் கேள்வி 40 நிமிடம். நன்றி 2 நிமிடம். முழு நாடகத்துக்கோ படத்துக்கோ பிறகு பேசுவதாக இருந்தால் மேடை உரையாடலை 15 நிமிடமாகச் சுருக்குங்கள், பார்த்த சூட்டோடு கூட்டத்துக்குக் கேட்க நிறைய இருக்கும். இடையில் டீ மட்டும் வையுங்கள். பழம்பொரி, வடையெல்லாம் முடிந்தபிறகு. இடைவேளையில் கொடுத்தால் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

பஞ்சாயத்துத் தலைவரும் வார்டு மெம்பரும் வந்தால்? முதல் வரிசையில் உட்காரவைத்து, பெயர் சொல்லி வரவேற்று, முதல் கேள்வியை அவர்களிடம் கொடுங்கள். அவர்களும் வாசகர்கள்தான். அப்படி நடத்தினால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள்.

9. கூட்டத்தின் கேள்வி

கேரளத்தில் இந்தப் பழக்கத்துக்கு வேர் ஆழம். 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, படம் பார்த்துவிட்டு விவாதிப்பது ஊர்ப் பழக்கமாகிவிட்டது. திருவனந்தபுரம் திரைப்பட விழாவின் ஓப்பன் ஃபோரத்தில் யாரும் எழுந்து இயக்குநரை நேருக்கு நேர் கேட்கலாம். அந்தத் துணிவு நம் கூட்டத்துக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

துணிவு சும்மா வராது. முன்பே படித்த அந்த 20 பேரில் இருவரிடம், குறிப்பாகப் பெண்களிடம், 'முதல் கேள்வி நீங்க கேளுங்க அக்கா' என்று சொல்லி வையுங்கள். முதலில் ஒரு பெண் கேட்டால் பின்னால் பல பெண்கள் கேட்பார்கள். முதலில் கேட்டவர் கேள்வி கேட்காமல் பத்து நிமிடம் பேசினால், அதற்குப் பிறகு வருகிறவர்களும் அதையே செய்வார்கள். கார்ட்லெஸ் மைக்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள், தொண்டர் பிடித்துக்கொண்டே நிற்கட்டும். நீட்டிப் பேசுபவரிடம் கேள்விக்காரர் மேடையிலிருந்து, 'சார், நீங்க கேக்குறது இதுதானே' என்று ஒரு வரியில் சுருக்கிக் கேட்டால் போதும், அவரும் ஒப்புக்கொள்வார், மனமும் நோகாது.

ஒரு தடவை தையல் கடை வைத்திருக்கிற ஓர் அக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். 'அந்த அக்கா ராத்திரி பன்னெண்டு மணிக்கு உக்காந்து தைக்கிறானு எழுதியிருக்கீங்க. ஊருக்குக் கரண்டே வரலைன்னு முன்னாடி வருது. எந்த வெளிச்சத்துல தச்சா?' என்று கேட்டார். எழுத்தாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு தன் அம்மா மண்ணெண்ணெய் விளக்கில் தைத்ததையும், அந்த விளக்கைக் கதையில் எழுத முடியாமல் விட்டதையும் இருபது நிமிடம் சொன்னார். மாஷ் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி பஸ் போனது, நாலு பேரை ஜீப்பில் கொண்டுபோய் விட்டோம்.

10. மறுநாள்

பணத்தை அன்றிரவே கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மறுநாள் காலை முதல் வேலை அது. நாற்காலியை எண்ணித் திருப்பிக் கொடுங்கள், வாயனசாலையைப் பெருக்கிவிடுங்கள், அடுத்த முறையும் சாவி அவர்களிடம்தான் வாங்க வேண்டும். பதிவு செய்திருந்தால் அதை வெளியிடுவதற்கு விருந்தினரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், முன்பே வாங்கியிருந்தால் இன்னும் நல்லது. கூட்டத்தில் கேட்டவர் யாராவது தன் குரல் வெளியே போக வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

ஒரு வாரத்துக்குள் யாராவது இருவர் உட்கார்ந்து பதிவைக் கேட்டு எழுத்தாக்க வேண்டும். பேசியது பேசினபடி, தமிழ் தமிழாக, மலையாளம் தமிழ் எழுத்தில். அதில் ஒரு பிரதி விருந்தினருக்கு, ஒன்று வாயனசாலை அலமாரிக்கு. கேட்டவர்கள் பெயரையும் ஊரையும் அவர்கள் சம்மதத்தோடு கேள்விக்கு மேலே எழுதுங்கள். எங்கள் அலமாரியில் அந்தத் தையல் கடை அக்காவின் கேள்வி இருக்கிற நோட்டைத்தான் அதிகம் பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள், அட்டை கிழிந்து இரண்டு தடவை பைண்டிங் போட்டாகிவிட்டது.